புதன்கிழமை விரிப்பு

மற்ற நாள்களில் ரத்தம், சீழ், காப்பி.
புதன்கிழமை மட்டும் நீலம்.

மூன்றாம் மாடியிலிருந்து மூட்டையாய் இறங்கும் விரிப்பில்
ஒரு சாண் அகலத்துக்கு,
யாரோ மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டு
மன்னிப்பும் கேட்காமல் போனதுபோல.

எனக்கு வெண்மைக்குத்தான் சம்பளம்.
வெந்நீரில் அலசினேன். போகவில்லை.
காரத்தில் ஊறப்போட்டேன். என் நகம்தான் நீலமாயிற்று.
அன்றைக்கென்று உலர்த்தும் இயந்திரமும் படுத்துவிட்டது.
பின்கட்டில் கம்பி இழுத்துக் காயப்போட்டுவிட்டு
வைதுகொண்டே சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால்
பிரசிகாபாவின் ஆகஸ்டு வெயில்
கறையைப் பாதி தின்றிருந்தது.
மீதியின் மேல், கரும்புக்காடு எரிகிற கரி
மயிர்மயிராய் இறங்கிக்கொண்டிருந்தது.
நீலம் போனால் கறுப்பு. இதுதான் இந்த ஊர்.

சண்டை போடத்தான் மாடியேறினேன்.

நர்ஸ் ரொசில்டா உதட்டில் விரல் வைத்தாள்.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
நாற்காலியில் ஒருவர், நீட்டிய வலது கால்.
பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.
அதை ஒட்டி ஒரு குழி.
குழி நிறைய என் எதிரி.

"ஐந்து நிமிடம் இருட்டில் ஊறணும், தோனா சொராய்ஜி"
என்றாள், துணியைப் பற்றி நான் பேசுவதுபோலவே.

ஊறட்டும் என்று நின்றேன்.
முப்பத்தோரு வருஷம் கரும்பு வெட்டினவராம், ஒலிண்டோ.
கரும்பு வெட்டினவருக்குச் சர்க்கரை.
நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார்.
"ஆணி ஏறினது தெரியவே இல்லை, தோனா.
காலுறையைக் கழற்றினபோது நாற்றம்தான் வந்து சொன்னது."

மாத்திரைக்கு மாத்திரை பாடம் படித்துத்
தேறிவிட்ட கிருமிகளாம் அதில்.
வெள்ளிக்கிழமை வெட்டிவிடலாம் என்று ஒரு டாக்டர்.
பொறுங்கள் என்று இன்னொருவர்.

ரொசில்டா விளக்கைப் போட்டாள்.
சிவப்பு. சுடாத சிவப்பு.
சத்தம் இல்லை, புகை இல்லை.
ஏதாவது நடக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"சாயம் தனியாய் அவ்வளவாய் ஒன்றும் செய்யாது.
வெளிச்சம் தனியாய்ச் செய்யாது.
சாயம் போய்க் கிருமியோடு ஒட்டிக்கொள்ளும்,
வெளிச்சத்தைக் குடிக்கும்,
குடித்ததைப் பக்கத்து ஆக்சிஜனுக்கு ஊற்றிக் கொடுக்கும்.
அதற்கு வெறி ஏறிவிடும்.
எட்டின தூரத்தில் இருப்பதையெல்லாம் கிழிக்கும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நொடியைப் பத்து லட்சமாய் நறுக்கினால்
மூன்று நாலு துண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் பழையபடி மூச்சுக்காற்று."

என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன்.
அவர் குடித்தால் தெளிய விடிந்துவிடும்.

அதன்பின் புதன்கிழமை மூட்டையை
வேறு யாரையும் பிரிக்க விடவில்லை.
ஒரு வாரம் உள்ளங்கை.
ஒரு வாரம் பாட்டில் மூடி.
நடுவில் ஒரு வாரம் தட்டு அகலம்,
அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.
ரொசில்டாவின் கை பிசகினாலும் கறை பெருகும்
என்று தெரியாதா எனக்கு?
தெரிந்தும் அளந்தேன்.
பிறகு ஒரு ரியால் காசு.
பிறகு பீன்ஸ் விதை.

அக்டோபரில் ஒரு புதன்
மூட்டை முழுக்க வெள்ளை.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறை
வெண்மையைப் பார்த்து வயிறு கலங்கியது.
உதறினேன். திருப்பிப் போட்டு உதறினேன்.
கையைத் துடைக்காமலே படியேறினேன்.

கறுப்புத் துணி கழற்றியிருந்தது.
நாற்காலி காலி.
ரொசில்டா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"சாயம் வரவில்லை" என்றாள் வாயில் ரொட்டியோடு.
"அடுத்த வாரமாம். கையெழுத்துப் போடுகிறவர் லீவு."

தாழ்வாரத்து பெஞ்சில் ஒலிண்டோ.
மூன்று மணிப் பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது.
கட்டுப்போட்ட காலை நீட்டித்
தரையில் விழுந்திருந்த வெயில் துண்டுக்குள்
சரியாய் வைத்திருந்தார்.

"சும்மாதானே கிடக்கிறது" என்றார் என்னிடம்.

கீழே வந்து விரிப்பை மடித்தேன்.
ஒரு சொட்டு இல்லை, ஒரு நிழல் இல்லை.
எனக்குச் சம்பளம் தருகிற அந்த வெண்மை
மடிக்க மடிக்கப்
பிடிக்கவே இல்லை.